வந்திருக்கிறது யாரு?



போன மாதம் என் தங்கைக்கு ஒரு போன். வெளியூரில் இருக்கும் மகனின் குரலேதான். "அம்மா, அவசரம், பணம் அனுப்பு." பதறிப்போனவள், எதற்கும் இருக்கட்டும் என்று, "நம்ம வீட்டுப் பசு பேரு என்னடா?" என்று கேட்டிருக்கிறாள். உடனே போன் கட்.

எனக்கு நம் மண்ணாடிப்பட்டுப் பக்கத்துத் திருவிழாக்கள் நினைவுக்கு வந்தன. ஒருவர் மேல் சாமி வந்தால் பெரியவர்கள் முதலில் கேட்பது, "வந்திருக்கிறது யாரு? பேரைச் சொல்லு" என்றுதான். கற்பூரமும் குறியும் அதற்குப் பிறகுதான்.

ஹைட்டி நாட்டின் வூடூ வழிபாட்டிலும் சாமி வருவதுண்டு. சாமி ஏறிய ஆளை அங்கே 'குதிரை' என்பார்கள். அந்தத் தெய்வங்களைக் கணினி வலைக்குள் கொண்டுவந்தவர் வில்லியம் கிப்சன். 'சைபர்பங்க்' என்ற கதைவகைக்குப் பேர் வாங்கித் தந்தது அவருடைய 'நியூரோமான்சர்' (1984). அதன் முடிவில் இரண்டு செயற்கை அறிவுகள் ஒன்றாகின்றன. அடுத்த நாவலான 'கவுன்ட் ஜீரோ'வில் (1986) அவையே சிதறி, தெய்வங்களாக மனிதர்களிடம் பேசுகின்றன.

ஏறக்குறைய அதே காலத்தில் ஆனந்த விகடனில் நம் சுஜாதா 'என் இனிய இயந்திரா' எழுதினார். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து ஆழ்வார்களைப் பற்றியும் எழுதியவர். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்ற பொறியாளர். அவர் கதையில் நாடே கும்பிடும் தலைவர் ஜீவா. கடைசியில் பார்த்தால் ஜீவா வெறும் ஒளிப்பிம்பம். பின்னால் இருந்து ஆட்டுவிப்பவர்கள் வேறு. அதைக் கண்டுபிடிக்க உதவுவது ஜீனோ என்ற இயந்திர நாய்.

2024இல் 'லால் சலாம்' படத்துக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏ.ஆர். ரகுமான் செயற்கை அறிவால் பாடவைத்தார். குடும்பத்தாரின் அனுமதியோடு, ஊரறியச் செய்ததால் அதில் தவறில்லை. தங்கைக்கு வந்த குரல் அப்படியா?

கிப்சனும் சுஜாதாவும் காட்டியது ஒன்றுதான்: இயந்திரம் சாமி ஆகாது, கேள்வி கேட்காமல் கும்பிடுகிற நாம்தான் அதைச் சாமி ஆக்குகிறோம்.

வகுப்பில் கேள்வி கேட்டவர்களை நான் ஒருநாளும் உட்கார வைத்ததில்லை, உங்களுக்கே தெரியும். இன்றைக்கே வீட்டில் எல்லோரும் சேர்ந்து, குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை முடிவுசெய்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்