விடுபட்ட மாதங்கள் யாருடைய கடன்? கோலலங்காட் தொழிலாளரின் முதுமைக் காப்பும் பதிவேட்டுப் பொறுப்பும்

மலேசியாவில் தனியார் துறையில் உழைத்து ஓய்ந்தவருக்கு, மாதந்தோறும் ஆயுள் முழுதும் வரும் அரசாங்க முதுமை ஓய்வூதியம் கிடையாது. 1980-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் அரசு ஊழியர்களுக்கு உரியது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வாழ்ந்து, ஓய்வூதியத் தகுதியுள்ள பதவியில் பணியாற்றியவருக்கு அந்தக் காப்பு இருந்தது. கோலலங்காட்டின் தெலுக் பங்லிமா காராங் சுற்றுவட்டாரத்திலும் கேரித் தீவிலும் பால்மரம் சீவியவருக்கும் செம்பனை வெட்டியவருக்கும் இருந்தவை இரண்டே: 1951-இல் தொடங்கப்பட்ட ஊழியர் சேமநிதி (இபிஎஃப்), 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சமூகப் பாதுகாப்பு நிறுவனம் (சொக்சோ). இரண்டும் மாதச் சந்தாவால் அளக்கப்படுபவை. சந்தா விடுபட்ட மாதங்கள் முதியவரின் கவனக்குறைவு அல்ல, பெரும்பாலும் முதலாளி பட்ட கடன் என்பதும், அக்கடனை மெய்ப்பிக்கும் சுமையை முதியவர் தோளிலிருந்து இறக்கிப் பதிவேடு வைத்திருப்போர் ஏற்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இடைவெளி எப்படி விழுந்தது என்பதை இவ்வட்டாரத்தின் தொழில் வரலாறே சொல்லும். ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின; கிள்ளான் – பந்திங் சாலையோரத் தோட்ட நிலங்களில் தொழிற்பேட்டைகளும் வீடமைப்புத் திட்டங்களும் எழுந்தன. காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பெயர் பதிந்தவர்கள் கொந்தராக்டரின் கீழ் நாட்கூலிகள் ஆனார்கள். பெண்கள் பலர் தொழிற்சாலைத் துப்புரவு வேலைக்கும், பட்டணத்து வீடுகளில் வீட்டு வேலைக்கும் போனார்கள். வீட்டுப் பணியாளருக்கு இபிஎஃப் கட்டாயமாக்கப்படவில்லை. சொக்சோ பாதுகாப்பும் 2021 ஜூன் மாதம்தான் அவர்களை எட்டியது. ஆகவே ஒரே பெண்ணின் வேலைக்காலத்தில் முறையாகச் சந்தா கட்டப்பட்ட ஆண்டுகள், கட்டவேண்டியிருந்தும் கட்டப்படாத ஆண்டுகள், கட்டவே சட்டம் கோராத ஆண்டுகள் என மூன்று அடுக்குகள் உண்டு. கணக்கறிக்கையில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே வெற்றிடமாகத் தோன்றும். சட்டத்தின் முன் அவை வெவ்வேறு. இரண்டாவது அடுக்கு மீட்கத்தக்க கடன். மூன்றாவது, கொள்கை செய்த புறக்கணிப்பு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே முதியவருக்கு உதவ நினைப்பவரின் முதல் வேலை.

கட்டப்படாத சந்தா கடன்தான் என்பதற்குச் சட்டமே சான்று. 1991-ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டப்படி, ஒரு மாதச் சந்தாவை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் முதலாளி செலுத்த வேண்டும். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பங்கைச் செலுத்தாமல் வைத்துக்கொள்வது ஆறு ஆண்டுவரை சிறைக்கோ 20,000 ரிங்கிட்வரை அபராதத்துக்கோ உரிய குற்றம். நிறுவனம் செலுத்தத் தவறினால் அதன் இயக்குநர்கள் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பாவார்கள். சொக்சோ சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: கொந்தராக்டர் மூலம் வேலைக்கு வந்தவருக்கும் சந்தா செலுத்தும் பொறுப்பைத் தலைமை முதலாளி மீதே சுமத்துகிறது. “கொந்தராக்டரைத் தேடிப் பிடியுங்கள்” என்ற பதில், குறைந்தபட்சம் சொக்சோவைப் பொறுத்தவரை, சட்டத்தில் நிற்காது.

விடுபட்ட சில மாதங்களின் எடையை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஒருவர் 1990 ஜனவரியில் முதன்முதலாகச் சொக்சோவில் பதியப்பட்டார். நோயால் வேலை செய்ய இயலாமல் 2020 ஜனவரியில் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தார் என்று கொள்வோம். இடைப்பட்ட காலம் 360 மாதங்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதங்களுக்குச் சந்தா இருந்தால், அல்லது மொத்தக் காலத்தில் மூன்றில் இரு பங்காகிய 240 மாதங்கள் இருந்தால், முழு ஓய்வூதியம். மூன்றில் ஒரு பங்காகிய 120 மாதங்கள் இருந்தால் குறைக்கப்பட்ட ஓய்வூதியம். கடைசி ஆண்டுகளில் வீட்டு வேலை பார்த்ததால் முதல் வழி அவருக்கு அடைபட்டுவிட்டது. பதிவேட்டில் இருப்பவை 110 மாதங்கள். தோட்டம் கைமாறிய ஓராண்டில் 12 மாதச் சந்தா செலுத்தப்படவில்லை. அந்த 12 மாதங்களும் மீட்கப்பட்டுக் கணக்கில் ஏறினால் அவர் ஓய்வூதியம் பெறுபவர். ஏறாவிட்டால் மாத ஓய்வூதியம் அறவே இல்லை. அவர் 60 வயதுக்குள் இறந்தால் குடும்பத்துக்குச் சேர வேண்டிய வாரிசு ஓய்வூதியமும் இத்தகைய தகுதிக் கணக்கையே நம்பி நிற்கிறது. அதில் துணைக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு. இபிஎஃப்பில் இழப்பு இப்படி ஒரேயடியாக விழுவதில்லை, கூட்டுவட்டிபோல் வளர்கிறது. சட்டம் உறுதியளிக்கும் குறைந்தபட்ச 2.5 விழுக்காட்டு லாப ஈவைக் கொண்டு பார்த்தாலும், 30 ஆண்டுகளுக்குமுன் செலுத்தப்படாத 1,000 ரிங்கிட் இன்று ஏறத்தாழ 2,098 ரிங்கிட்டாக இருந்திருக்கும்.

பிரிட்டனில் முழு அரசு ஓய்வூதியத்துக்கு 35 தகுதி ஆண்டுகள் வேண்டும்; குறைந்தது 10 ஆண்டுகள் இல்லாமல் எதுவும் இல்லை. விடுபட்ட ஆண்டுகளைத் தனிமனிதரே பணம் கட்டி நிரப்ப அங்கே வழி உண்டு. 2006 வரை பின்னோக்கிச் சென்று நிரப்பும் சிறப்பு வாய்ப்பு 2025 ஏப்ரல் 5 வரை திறந்திருந்தது. மலேசியாவில் சொக்சோவின் பழைய மாதத்தை இப்படி விலைக்கு வாங்க முடியாது. இபிஎஃப்பில் 60 வயதுக்கு உட்பட்ட சுயதொழிலாளர் ஐ-சாரான் திட்டத்தின்கீழ் சந்தா கட்டினால் அரசு ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை ஊக்கத்தொகை சேர்க்கிறது. இது நல்ல திட்டம். ஆனால் இனி வரும் காலத்தைத்தான் அது வளமாக்கும். கடந்த காலத்தை நிரப்ப இங்கே எஞ்சியிருக்கும் ஒரே வழி, வேலை பார்த்ததையும் சந்தா வராததையும் மெய்ப்பிப்பது. அதாவது, பணத்தைவிடச் சான்றே இங்கு முக்கியம்.

அந்தச் சான்றைத்தான் காலம் அழிக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், தொழிலாளர் பதிவேடுகளை ஆறு ஆண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருக்கச் சொல்கிறது. ஓய்வூதியத் தகுதியோ முப்பது ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்துக் கணக்கிடப்படுகிறது. தோட்டம் விற்கப்படும்போது செக்ரோலும் சம்பளப் புத்தகமும் எங்கே போகின்றன என்று கேட்க யாருமில்லை. பெயர்ச் சிக்கல் வேறு. அன்றைய கிராணி (எழுத்தர்) தமக்குத் தோன்றியபடி ரோமன் எழுத்தில் எழுதிய பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும் நிற்கும். 1990-இல் 12 இலக்க அடையாள எண் வந்தபின், பழைய எண்ணில் பதிவான சந்தாக்கள் புதிய எண்ணோடு இணைந்தனவா என்பதையும் தனியே சரிபார்க்க வேண்டும். முதியவரிடம் “ஆதாரம் கொண்டு வாருங்கள்” என்று கேட்பது, அவர் கையில் ஒருபோதும் இல்லாத ஏட்டை அவரிடமே கேட்பதாகும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. இன்று கைப்பேசிச் செயலியில் எவரும் தம் கணக்கைப் பார்க்கலாம், பார்க்காதது அவர் தவறு என்பது முதல் மறுப்பு. செயலி காட்டுவது வந்த பணத்தை. வந்திருக்க வேண்டிய பணத்தை அது காட்டாது. சம்பளச் சீட்டே பெறாத நாட்கூலிக்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. பல ஆண்டுக்கு முந்தைய கடனைக் கிளறினால் வணிகம் நிலைகுலையும், நிறுவனங்களே கலைந்து போயினவே என்பது இரண்டாவது. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி, கலைக்கப்படும் நிறுவனத்தின் சேமநிதி நிலுவையில் கடைசி 12 மாதங்களுக்கானதற்கே முன்னுரிமை. ஆனால் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடித்த பணம் முதலாளியின் பணம் அன்று. மேலும், இவ்வட்டாரத் தோட்டங்கள் பலவும் பெரிய நிறுவனங்களிடம் கைமாறித் தொடர்ந்தவை. எல்லாக் கடனுக்கும் வாரிசு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மூன்றாவது மறுப்பே கனமானது. சான்று திரட்டும் வேலையில் பிள்ளைகளை நடுவே விட்டால் முதியவரின் சேமிப்பே பறிபோகும் என்கிறார்கள். கடவுச்சொல்லும் கைப்பேசியும் வேறொருவர் கையில் இருக்கும்போது இந்த அச்சம் நியாயமானதே. முஸ்லிம் அல்லாத உறுப்பினர் நியமிக்கும் வாரிசு, இறப்புக்குப்பின் அப்பணத்துக்கு உரிமையாளரே ஆகிவிடுகிறார் என்பதையும் நினைக்க வேண்டும். ஆகவே உதவிக்கு எல்லை வேண்டும். உறவினர் சான்று திரட்டலாம், கடிதம் எழுதலாம், முகப்புக்குக் கூடவே போகலாம். கைரேகையும் கையொப்பமும் வாரிசு நியமனமும் பணம் சேரும் வங்கிக் கணக்கும் முதியவருடையதாகவே இருக்க வேண்டும். முறைகேட்டுக்கு அஞ்சி உதவியையே மறுத்தால், முதலாளியின் நிலுவை நிலுவையாகவே கிடக்கும்.

செய்யவேண்டியவை நம் கைக்கு எட்டியவையே. இபிஎஃப்பும் சொக்சோவும் தத்தம் மாதப் பதிவுகளை ஒப்பிட வேண்டும். ஒன்றில் சந்தா இருந்து மற்றொன்றில் இல்லாத மாதத்தை, வேலை நடந்ததற்கான முதல்நிலைச் சான்றாக ஏற்று, மறுக்கும் பொறுப்பை முதலாளியிடம் விட வேண்டும். உறுப்பினர் 50 வயதை எட்டியதும், விடுபட்ட மாதங்களின் பட்டியல் அவருக்குப் புரியும் மொழியில் அஞ்சலில் வர வேண்டும். தோட்டம் விற்பனையாகும்போது சம்பளப் பதிவேடுகளைத் தொழிலாளர் இலாகாவிடம் ஒப்படைப்பது கட்டாயமாக வேண்டும். தொழிற்சங்கச் சந்தா ரசீதும், தோட்டத் தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவில் உள்ள பெற்றோர் முகவரியும் துணைச் சான்றாக ஏற்கப்பட வேண்டும். சமூகநல இலாகாவின் மூத்தோர் உதவித்தொகை 2025 முதல் மாதம் 600 ரிங்கிட். வறியவர் பலருக்கு அது பெருந்துணை. ஆயினும் அது வறுமையைக் காட்டிப் பெறும் உதவி. சந்தா உழைப்பின் உரிமை. ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிவிடக் கூடாது.

சட்டம் மாறும்வரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. 60 வயது கடந்தபின் ஐ-சாரானுக்குக் கதவு அடைபடும்; இயலாமை ஓய்வூதிய விண்ணப்பத்துக்கும் பெரும்பாலும் அப்படியே. வீட்டில் ஐம்பதைத் தொட்ட அம்மாவோ சித்தப்பாவோ இருந்தால், இரு நிறுவனங்களிலிருந்தும் அவர்களுடைய சந்தா அறிக்கையை இந்த மாதமே கேட்டு வாங்குங்கள். அவர்கள் வேலை பார்த்த தோட்டங்களையும் ஆண்டுகளையும் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி, அறிக்கையோடு ஒப்பிடுங்கள்.