கழிவு என்று பெயர் வைத்தார்கள்

1780இல் ஸ்வீடனைச் சேர்ந்த வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, புளித்த பாலிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அதுதான் லாக்டிக் அமிலம். நம் வீட்டுத் தயிரின் புளிப்பும் அதுவே. 1907இல் கேம்பிரிட்ஜில் ஃப்ளெட்சரும் ஹாப்கின்ஸும் தவளைத் தசையில் அதை அளந்தார்கள். ஆக்சிஜன் இல்லாதபோது அமிலம் சேர்ந்தது. ஆக்சிஜன் கொடுத்ததும் குறைந்தது. மூச்சு முட்டும் செல் கக்கும் கழிவு என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பெற்றது.

1920களில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க் புற்றுநோய்க் கட்டிகளை மெல்லிய சீவல்களாக வெட்டி ஆராய்ந்தார். ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் அவை குளுக்கோஸை முழுதாக எரிக்காமல் லாக்டிக் அமிலமாக்கித் தள்ளின. செல்லின் சுவாசம் பழுதாகிவிட்டது, அதுவே புற்றுநோயின் வேர் என்று வார்பர்க் முடிவு கட்டினார். கவனித்தது சரி. ஆனால் பல புற்றுநோய்ச் செல்களின் சுவாசம் நன்றாகவே நடக்கிறது என்று பின்னால் தெரியவந்தது.

சரி, உள்ளே உருவான அமிலம் எப்படி வெளியே வருகிறது? சவ்வு வழியாகத் தானாகக் கசிந்துவிடும் என்று நெடுநாள் நினைத்தார்கள். கழிவுதானே, அதற்கு யார் வாசல் வைப்பார்கள்? 1974இல் பிரிட்டனின் பிரிஸ்டலில் ஆண்ட்ரூ ஹேலஸ்ட்ராப்பும் ரிச்சர்ட் டென்டனும் ஒரு வேதிப்பொருளைப் போட்டதும், லாக்டேட்டின் நெருங்கிய உறவான பைருவேட் சிவப்பணுக்களுக்குள் போவது தடைபட்டது. சும்மா கசிவதை இப்படி அடைக்க முடியாது. அப்படியென்றால் அங்கே ஒரு கதவு இருக்கிறது.

அந்தக் கதவு கையில் சிக்கிய கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. டல்லஸில் கொலஸ்ட்ரால் ஆய்வுக்கு நோபல் வாங்கிய கோல்ட்ஸ்டைன், பிரவுன் ஆகியோரின் ஆய்வகம். அங்கே சீன வெள்ளெலியின் செல்களில் ஒரு விநோதமான வகை கிடைத்தது. சாதாரணச் செல் எளிதில் உள்ளே விடாத மெவலோனேட்டை அது இழுத்துக்கொண்டது. கிறிஸ்டீன் கிம் உள்ளிட்டோர் காரணமான மரபணுவைப் பிரித்துப் பார்த்தால், ஒரு புரதத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருந்தது. அப்போ மாறாத புரதத்தின் உண்மையான வேலைதான் என்ன? 1994இல் பதில் வந்தது: லாக்டேட்டையும் பைருவேட்டையும் கடத்துவது. அதற்கு எம்சிடி1 என்று பெயரிட்டார்கள். மென்பொருள் வேலையிலும் இது நடக்கும். எழுதியவர் குறிப்பே வைக்காத ஒரு ஃபங்ஷன் என்ன செய்கிறது என்பது, பக் வந்த அன்றைக்குத்தான் புரியும்.

இந்தப் புரதம் ஒரு லாக்டேட்டோடு ஒரு புரோட்டானையும் சேர்த்தே கடத்தும். புரோட்டான் வெளியேறாவிட்டால் செல்லின் உட்புறம் அமிலமாகி, குளுக்கோஸை உடைக்கும் வேலையே நின்றுபோகும். அதோடு இது இருபக்கமும் திறக்கும் கதவு. எந்தப் பக்கம் அதிகமோ அங்கிருந்து மறுபக்கம் போகும். இதன் உறவுக்காரரான எம்சிடி4 பெரும்பாலும் வெளியேற்றும் வேலையைச் செய்கிறது; ஆக்சிஜன் குறைந்தால் செல் அதை அதிகமாகத் தயாரிக்கிறது.

2008இல் பியேர் சோன்வோ, ஒலிவியே ஃபெரோன், மார்க் டியூஹர்ஸ்ட் ஆகியோர் இந்தக் கதவுகளை வைத்துக் கட்டியை மறுபடி பார்த்தார்கள். ரத்தக் குழாயிலிருந்து தள்ளியிருக்கும், ஆக்சிஜன் எட்டாத செல்கள் லாக்டேட்டை வெளியே விடுகின்றன. குழாய்க்கு அருகிலுள்ள செல்கள் எம்சிடி1 வழியாக அதை வாங்கி எரிக்கின்றன. அவை குளுக்கோஸைத் தொடாததால் அது உள்ளே இருக்கும் செல்களுக்குப் போய்ச்சேர்கிறது. எலிகளில் எம்சிடி1ஐ அடைத்தபோது, வெளிச் செல்கள் குளுக்கோஸுக்கு மாறின; உள்ளே இருந்தவை பட்டினியில் செத்தன. 2017இல் அதே டல்லஸ் வளாகத்தில், அடையாளமிட்ட லாக்டேட்டை நுரையீரல் புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் செலுத்திப் பார்த்தார்கள். கட்டி அதை உள்ளிழுத்து எரிபொருளாக்கியிருந்தது. கழிவு என்றதை மனிதக் கட்டியே தின்றுகொண்டிருந்தது.

அப்படியென்றால் கதவை அடைத்துவிடலாமே? அஸ்ட்ராஜெனெகாவின் ஏஇசட்டி3965 என்ற மருந்து அதற்கானதுதான். பிரிட்டனில் நோயாளிகளிடம் முதற்கட்டச் சோதனையும் நடந்தது. அளவைக் கூட்டியபோது பிரச்சினை முக்கியமாகக் கண்ணில் தெரிந்தது: பரிசோதனையில் மட்டும் புலப்பட்டு, பின்னர் சரியாகிவிட்ட மாற்றங்கள். விழித்திரையும் லாக்டேட்டை நம்பி வாழும் இடம். இன்னொரு சிக்கல், இந்த மருந்து எம்சிடி4ஐத் தொடாது. அந்தக் கதவு உள்ள கட்டி அதன் வழியாக லாக்டேட்டை வெளியே தள்ளிவிடும். அதனால்தான் எம்சிடி4 குறைவாக உள்ள சில லிம்ஃபோமாக்கள் பக்கம் ஆய்வாளர்களின் கவனம் திரும்பியது.

புற்றுநோய் புதிதாகக் கதவு எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஓடும்போது தசையும், ஒவ்வொரு நொடியும் சிவப்பணுவும் திறக்கும் அதே கதவுதான். மருந்து தேடுபவர்களுக்கு முன்னாலுள்ள கணக்கும் அதுதான்: எந்தக் கட்டிக்கு வேறு வழியே இல்லை, அதை அடைக்கும்போது கண் எவ்வளவு நாள் தாங்கும். லாக்டேட்டை வெறும் கழிவாகப் பார்த்த காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கவே வழி இருந்திருக்காது.