நெஞ்சுக்குள் வெடிக்கும் உப்பு

1816, பாரீஸ். நெக்கர் மருத்துவமனையில் இதய நோய் அறிகுறியோடு வந்த இளம்பெண்ணின் மார்பில் காது வைக்க மருத்துவர் ரெனே லெனெக்குக்குக் கூச்சம். உடல் பருமனால் விரலால் தட்டிப் பார்த்தும் பயனில்லை. காகிதத்தை இறுக்கிச் சுருட்டி மார்பில் வைத்துக் கேட்டார். இதயத் துடிப்பு வெறுங்காதுக்குக் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டது.

பிறகு மரத்தில் குழாய் கடைந்தார். புல்லாங்குழல் வாசிக்கும் அவருக்கு அது பெரிய வேலையா என்ன!

நுரையீரல் சத்தங்களை அவர் இனம் பிரித்த விதம்தான் அபாரம். நிமோனியாவின் தொடக்கத்தில் கேட்கும் சடசடப்பை, சூடேறும் பாத்திரத்தில் உப்பு வெடிப்பதோடு ஒப்பிட்டார். நோயாளி இறந்தால் உடலை அறுத்து, தன் காது சொன்னது சரிதானா என்று பார்த்தார். 1819-இல் இதைப் பற்றிய அவரது நூல் வந்தது. இன்று செவிலியர் ஸ்டெதஸ்கோப்போடு நம் முதுகில் இடம் வலம் மாற்றி மாற்றித் தேடுவதும் அந்தச் சடசடப்பைத்தான். கூடவே ஆஸ்துமாவின் விசில் ஒலியையும்.

1826-இல் லெனெக்கின் மார்பிலேயே குழாயை வைத்துக் கேட்டவர் உறவினர் மெரியாடெக். காசநோய்.