கண்ணாடியும் அதை ஏந்திய கையும்

நாளிதழ் நாட்டின் கண்ணாடி என்பர். ஆயின், அதனை ஏந்தி நிற்கும் கை எவருடையது என்னும் வினாவையும் எழுப்புதல் வேண்டும். ஆங்கிலேயர் ஆண்ட மலாயாவில், துரைமார் நோக்கில் எழுதப்பெற்ற ஏடுகளிலும் அறிக்கைகளிலும் தோட்டத் தமிழன் ‘கூலி’ என்னும் ஒற்றைச் சொல்லுள் அடங்கினான். ரப்பரின் விலை அங்கே இடம்பெற்றது. பால்மரம் வெட்டியவனின் குரல் அரிதாகவே இடம்பெற்றது.

இக்குறையை நீக்க முன்வந்தவை தமிழ் ஏடுகள். 1924இல் நரசிம்ம ஐயங்கார் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசனை’த் தொடங்கினார். 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் ‘தமிழ் முரசை’த் தோற்றுவித்தார்.

எழுத்தும் போராட்டமும் ஒன்றுகூடிய ஆண்டு 1941. ‘தமிழ் நேசன்’ ஆசிரியர் குழுவைச் சேர்ந்த ஆர். எச். நாதன், கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் போராட்டத்தின் முன்னணியில் நின்றார். சீனத் தொழிலாளருக்கு ஒப்பான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல், துரைமாரைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கும் வழக்கத்தின் ஒழிப்பு ஆகியன அவர்தம் கோரிக்கைகளுள் அடங்கும். ஒரே உழைப்புக்கு இனம் பார்த்துக் கூலி அளந்ததையும், அன்றாட வழக்கமாகிவிட்ட இழிவையும் அக்கோரிக்கைகள் உலகறியச் செய்தன. அரசோ, கிளர்ச்சிக்காரரின் தூண்டுதல் என்றது. மே மாதத்தில் நாதன் கைதாகி, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் துறந்தனர்.

போருக்குப் பின் அதே உணர்வு கெடாவிலும் கிளர்ந்தது. பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்தது. 1947 ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் போலீசார் சுட்டதில் ஒரு தொழிலாளி மாண்டார். இத்தகைய நிகழ்ச்சியைக் ‘கலகம்’ என எழுதுவதும் ‘மான உணர்வின் எழுச்சி’ என எழுதுவதும் ஒன்றாகா. சொல்லிலேயே தீர்ப்பு அமைந்துவிடுகின்றது.

எனினும், குற்றம் முழுவதையும் வெள்ளையர்மேல் சுமத்துதல் நடுநிலைமை ஆகாது. கொடுமை இழைத்த கிராணிகளை நீக்குமாறும் 1941இல் தொழிலாளர் கோரினர். அக்கிராணிகளுள் நம்மவரும் இருந்தனர். சாதி வேற்றுமையைச் சாரங்கபாணி தம் எழுத்தால் கண்டித்ததும் இக்காரணம் பற்றியே. பிறர் இழைத்த கொடுமையைச் சுட்டும் பேனா, தன்னவர் குறையையும் சுட்டுதல் வேண்டும்.

‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோயிற்று. அது விட்டுச்சென்ற கடமை நிற்கவில்லை. மெர்கோங் முதல் கூலிம் வரை பயிலும் மாணவர், செய்தி ஒன்றைப் படிக்குங்கால், ‘இதில் பேசுபவர் யார்? பேச இடம்பெறாதவர் யார்?’ என வினவப் பழகுவாராக. அப்பழக்கத்தை ஊட்டுவது தமிழாசிரியரின் பொறுப்பாகும்.