பார்த்தவர்களின் நினைவில் இருபது ஆண்டுகள் வாழ்ந்த ஒரு தொலைக்காட்சித் திரைப்படம்

பத்திரிகையில் வெளிவந்த ஒரு கட்டுரை எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் ஏதாவதொரு நூலகத்தின் தூசு படிந்த கோவைகளுக்குள் அகப்படும் என்ற நம்பிக்கை அச்சு ஊடகத்தில் பணியாற்றியவர்களுக்கு எப்போதும் உண்டு. தொலைக்காட்சியின் ஆரம்ப தசாப்தங்களில் அத்தகைய நம்பிக்கைக்கு இடமிருக்கவில்லை. ஜோர்ஜ் ஓர்வெல்லின் '1984' நாவலை பி.பி.சி. 1954 டிசம்பர் 12 ஆம் திகதி நேரடி நாடகமாக ஒளிபரப்பியது. அதனால் பாராளுமன்றத்திலேயே சர்ச்சை மூண்டது. அதற்குப் பிறகும் டிசம்பர் 16 ஆம் திகதி நடிகர்கள் அதே நாடகத்தை மறுபடியும் நேரடியாக நடித்தார்கள். இன்று எஞ்சியிருப்பது அந்த இரண்டாவது நிகழ்ச்சியின் பதிவு மாத்திரமே. முதல் இரவில் பிரித்தானிய மக்கள் கண்டது அவர்களின் நினைவோடு போய்விட்டது.

ஒளிபரப்பு நிறுவனங்கள் கைவிட்ட ஒரு படைப்பை அதைப் பார்த்தவர்களின் ஞாபகம் எவ்வளவு காலத்துக்குத் தாங்கி நிற்கமுடியும் என்ற கேள்விக்கு அமெரிக்காவில் இருந்து ஒரு சுவையான பதில் கிடைத்தது. அந்தப் பதிலின் பெயர் 'த லேத் ஒஃப் ஹெவன்'.

அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சி வலையமைப்பான பி.பி.எஸ்., 1980 ஜனவரி 9 ஆம் திகதி இத்திரைப்படத்தை ஒளிபரப்பியது. நியூயோர்க்கின் டபிள்யூ.என்.ஈ.ரி. நிலையத்தின் பரிசோதனைத் தொலைக்காட்சிக் கூடம் அதனைத் தயாரித்தது. டேவிட் லொக்ஸ்ரனும் பிரெட் பார்சிக்கும் இணைந்து இயக்கினார்கள். ஏர்சுலா லெ குவின் 1971 ஆம் ஆண்டில் எழுதிய விஞ்ஞானப் புனைகதை நாவலே அதன் மூலம். லெ குவினும் அந்தத் தயாரிப்பில் பங்கெடுத்திருந்தார். செலவு சுமார் இரண்டரை இலட்சம் டொலர் மாத்திரமே. அதற்கு ஒரு மாதம் முன்னதாகத் திரையரங்குகளுக்கு வந்த 'ஸ்டார் ட்ரெக்' முதல் திரைப்படத்துக்கு நான்கு கோடி டொலருக்கும் கூடுதலாகச் செலவிடப்பட்டிருந்தது என்பதை வாசகர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கதை நிகழும் நகரம் போர்ட்லண்ட். ஆனால், எதிர்கால நகரத்தின் தோற்றத்துக்காக டலஸ் நகரின் நவீன கட்டடங்களையே படப்பிடிப்புக்குத் தெரிவுசெய்தார்கள்.

கதையின் கரு எளிமையானது. அதன் விளைவுகளோ பயங்கரமானவை. ஜோர்ஜ் ஓர் என்ற சாதாரண மனிதன் காணும் சில கனவுகள் மெய்யாகிவிடுகின்றன. அவை எதிர்காலத்தை மாத்திரமல்ல, கடந்த காலத்தையும் சேர்த்தே மாற்றிவிடுகின்றன. விடிந்ததும் உலகம் எப்போதுமே அப்படித்தான் இருந்தது என்று எல்லோரும் நம்புகிறார்கள். பழைய உலகம் ஒன்று இருந்தது என்பது அவனுக்கு மாத்திரமே நினைவிருக்கிறது. கனவுக்கு அஞ்சி மருந்துகளை விழுங்கும் அவன், உளமருத்துவர் ஹேபரிடம் அனுப்பப்படுகிறான். அந்த ஆற்றலைப் புரிந்துகொள்ளும் மருத்துவர் மனிதகுலத்தைத் திருத்தப் புறப்படுகிறார். சனப்பெருக்கத்தைக் குறைக்குமாறு பணித்தால், கோடிக்கணக்கானவர்களைக் கொன்றொழித்த ஒரு கொள்ளைநோய் வரலாறாகிவிடுகிறது. மனிதர்களிடையே சமாதானம் வேண்டும் என்றால், எல்லோரையும் ஒன்றுபடுத்தும் பொது எதிரியாக வேற்றுக்கிரகவாசிகள் வந்திறங்குகிறார்கள். இனவெறி ஒழியவேண்டும் என்றால், மனிதர்கள் அனைவரும் சாம்பல் நிறத்தவர்களாக மாறிவிடுகிறார்கள். கதாநாயகன் நேசித்த கறுப்பினப் பெண் வழக்கறிஞர் அந்த உலகில் இல்லாமலே போய்விடுகிறாள்.

பேதத்தை ஒழிப்பதற்காக வித்தியாசத்தையே ஒழித்துவிடும் அந்தச் சாம்பல் நிறக் காட்சி, படத்தைப் பார்த்தவர்கள் பல வருடங்கள் கழித்தும் மறக்காதவற்றுள் ஒன்று. ஆமைகளைப் போன்ற உருவமுடைய வேற்றுக்கிரகவாசிகளும், பீற்றில்ஸ் குழுவினரின் ஒரு பாடலும் அவ்வாறே மனங்களில் தங்கிவிட்டன. படத்தின் பெயரை மறந்து காட்சிகளை மாத்திரம் சுமந்து திரிந்தவர்களும் பலர். சிறுவர்களாக இருந்தபோது பார்த்தவர்களுக்கு அது உண்மையில் ஒரு படமா அல்லது தாங்களே கண்ட ஒரு கனவா என்று சந்தேகம் எழுவதற்கும் நியாயம் இருந்தது. ஏனென்றால், உறுதிப்படுத்திக்கொள்ள வழியில்லை.

ஏன் வழியில்லாமல் போனது? மறுஒளிபரப்பு செய்வதற்கு பி.பி.எஸ். பெற்றிருந்த உரிமை 1988 ஆம் ஆண்டில் காலாவதியானது. அதனைப் புதுப்பிப்பதென்றால் படத்தில் பங்கேற்ற அனைவருடனும் மீண்டும் உடன்பாடு காணவேண்டும். இசையமைப்பாளருடன் தனியாகப் பேசவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக பீற்றில்ஸ் பாடலுக்கான உரிமையைப் பெறவேண்டும். நாவலிலும் கதையோடு பின்னிப்பிணைந்த அந்தப் பாடலை வெட்டியெறிந்துவிடவும் முடியாது. இந்தச் சிக்கல்கள் ஒருபோதும் தீரப்போவதில்லை என்று கருதிய வலையமைப்பு, தயாரிப்பின் மூலப் பிரதியைத் தனது ஆவணக் காப்பகத்தில் பேணி வைக்கவில்லை.

வீடுகளில் பதிவு செய்து வைத்திருக்கலாமே என்று இன்றைய தலைமுறை கேட்கக்கூடும். 1980 ஜனவரியில் வீடியோ பதிவுக் கருவி மிகச் சில அமெரிக்க இல்லங்களிலேயே இருந்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றைப் பின்னர் பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது சட்டவிரோதமா என்ற வழக்கு அப்போது நீதிமன்றங்களில் நடந்துகொண்டிருந்தது. அது குற்றமல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984 ஜனவரியில்தான் தீர்ப்பளித்தது. அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற ஒரேயொரு நீதியரசரின் பெரும்பான்மையினால். எனவே அந்தப் படத்துக்குச் சாட்சிகளாக எஞ்சியவர்கள் பெரும்பாலும் பார்வையாளர்களே.

அந்தச் சாட்சிகள் மௌனமாக இருக்கவில்லை. பி.பி.எஸ். ஒளிபரப்பியவற்றில் மறுபடியும் காண்பிக்குமாறு மிகவும் கூடுதலாகக் கேட்கப்பட்ட நிகழ்ச்சி இதுவே என்று கூறப்பட்டது. நிலையம் வேண்டுமென்றே படத்தைக் களஞ்சியத்தில் பூட்டி வைத்திருக்கிறது என்று இரசிகர்கள் குறைகூறினார்கள். அந்த நச்சரிப்புக்கு இறுதியில் பலன் கிடைத்தது. உரிமைகள் ஒவ்வொன்றாகப் பெறப்பட்டு, அசல் ஒளிபரப்பின் வீடியோ நாடா ஒன்றிலிருந்து படம் சீர்செய்யப்பட்டு 2000 ஆம் ஆண்டில் மீண்டும் ஒளிபரப்பானது. அதனுடன் லெ குவினை மூத்த ஊடகவியலாளர் பில் மோயர்ஸ் கண்ட நேர்காணலும் சேர்க்கப்பட்டது. இயக்குநர்களில் ஒருவரான லொக்ஸ்ரன் அதனைக் காண உயிருடன் இருக்கவில்லை. அவர் 1989 ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார்.

மீண்டு வந்தது பழைய படம்தானா? பெரும்பாலும் ஆம் என்றே சொல்லவேண்டும். ஆனால், விற்பனைக்கு வந்த பதிப்பில் பீற்றில்ஸ் குழுவினரின் குரல் இல்லை. அதே பாடலை வேறு குரலில் பாடவைத்துச் சேர்த்திருந்தார்கள். 1980 ஆம் ஆண்டில் அதனைக் கேட்டவருக்கு மட்டுமே அந்த வித்தியாசம் தெரியும். புதிதாகப் பார்ப்பவருக்கோ அது எப்போதும் அப்படித்தான் இருந்தது. ஜோர்ஜ் ஓரின் நிலை பழைய பார்வையாளர்களுக்கு உண்மையாகவே ஏற்பட்டுவிட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

அதேவேளை, ஞாபகத்தை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. நினைவு என்பது களஞ்சியத்தில் இருந்து எடுக்கும் பொருள் அல்ல, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டியெழுப்பப்படும் ஒன்று என்பதை பிரித்தானிய உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட் 1932 ஆம் ஆண்டிலேயே தமது நூலில் எடுத்துக்காட்டினார். இருபது வருடங்களாக மனதில் பிரமாண்டமாக வளர்ந்த காட்சிகள் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட எளிய காட்சிகளே என்பதைத் திரை காட்டிக்கொடுத்துவிடும். நினைவு படத்தைக் காப்பாற்றியது. ஆனால், நினைவைச் சரிபார்ப்பதற்கு நாடா தேவைப்பட்டது. ஒன்றில்லாமல் மற்றையது முழுமையாவதில்லை. செய்திகளோடு வாழ்ந்தவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

படத்தின் தலைப்புக்கே இப்படியொரு கதை உண்டு. சீன ஞானி சுவாங் சுவின் நூலை 19 ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லெக் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது பயன்படுத்திய சொற்றொடர் அது. 'வானத்தின் கடைசல் பொறி' என்று பொருள். அந்த ஞானியின் காலத்தில் சீனாவில் கடைசல் பொறியே இருக்கவில்லை என்பதை அறிஞர் ஜோசப் நீடம் மூலம் லெ குவின் பின்னர் அறிந்துகொண்டார். தவறான ஒரு மொழிபெயர்ப்பும் திருத்தமுடியாத அளவுக்கு நிலைத்துவிடுவதுண்டு.

இவையெல்லாம் நாடாக் காலத்துத் துன்பங்கள், இப்போது எல்லாம் இணையத்தில் இருக்கிறது என்று எண்ணி ஆறுதல் அடைவதற்கில்லை. 'வெஸ்ட்வேர்ல்ட்' என்ற பெருஞ்செலவிலான விஞ்ஞானப் புனைகதைத் தொடரை அதனைத் தயாரித்த நிறுவனமே தனது இணையச் சேவையில் இருந்து 2022 டிசம்பரில் நீக்கியது. அதே வருடம் ஓகஸ்டில் 'பற்கேர்ள்' என்ற திரைப்படம், படப்பிடிப்பு முடிந்த நிலையிலும் பொதுமக்களுக்கு வெளியிடப்படாமல் கணக்கு வழக்குக் காரணங்களுக்காகக் கைவிடப்பட்டது. முன்னதையாவது பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பின்னதற்காக நச்சரிப்பதற்கு நினைவு கொண்டவர்கள் என்று ஒரு கூட்டமே இல்லை.

லெ குவின் 2018 ஜனவரியில் மறைந்தார். அவரின் நாவலின் 1980 ஆம் ஆண்டுத் திரைவடிவம் இன்று பார்க்கக் கிடைக்கிறது என்றால், அதற்கான பெருமையில் கணிசமான பங்கு ஒரேயொரு இரவில் பார்த்ததை மறக்க மறுத்து, இருபது வருடங்களாகக் கேட்டுக்கொண்டே இருந்த சாதாரண மக்களுக்கு உரியது. பண்பாட்டின் காவலர்கள் என்று சம்பளம் பெறுபவர்கள் சோர்ந்துவிடும்போது அந்த வேலையைச் சம்பளம் இல்லாதவர்களே செய்யவேண்டியிருக்கிறது.