மானியமும் நிபந்தனையும்: மேலகரத்திலிருந்து எட்டயபுரம் வரை

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போகிறவர்கள் மேலகரத்தைப் பார்ப்பதில்லை. தென்காசியிலிருந்து அருவிக்குப் போகும் வழியில், பேச்சு சூடுபிடிக்கும் முன்பே கடந்துபோய்விடுகிற ஊர் அது. தமிழ் படித்தவர்கள் அப்படிக் கடந்துபோக முடியாது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் இவ்வூர்க்காரர். அந்நூலுக்காக முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் அவருக்கு அளித்த நிலத்துக்குக் 'குறவஞ்சி மேடு' என்றே பெயர். கவிராயருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்பு திருவாவடுதுறை ஆதீனத்தின் தலைவராக விளங்கிய சுப்பிரமணிய தேசிகரும் இவ்வூரில் பிறந்தவரே. அதனாலேயே அவர் பெயருக்கு முன்னால் மேலகரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2024இல் மத்திய அரசு தன் பள்ளித் திட்டம் ஒன்றில் கையெழுத்திடாத காரணத்துக்காகத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்தியது. 2025 மே மாதத்தில் தமிழக அரசு உச்சநீதிமன்றம் சென்றது. அதையொட்டிப் பள்ளிக்குத் தரும் பணத்தோடு நிபந்தனை சேர்க்கலாமா, சேர்த்தால் யாருக்காக அதைத் தளர்த்தலாம் என்று பேச்சு எழுந்தபோது எனக்கு இந்த மேலகரத்துக்காரர்தான் நினைவுக்கு வந்தார். நிபந்தனை எதுவும் எழுதிவைக்காமல் கல்விக்குச் செலவழித்த கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர் அவர்.

உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்தவர்களுக்குத் தேசிகரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை மடத்தில் வைத்துப் போற்றியதும், 1876இல் பிள்ளை மறைந்தபின் சாமிநாதையருக்குத் தாமே பாடம் சொன்னதும், அவருக்கு வீடு அமைத்துத் தந்ததும் அந்நூலில் விரிவாக வருகின்றன. தஞ்சைச் சீமையிலும் திருநெல்வேலிச் சீமையிலும் இருந்த மடத்து நிலங்களின் நெல்தான் இத்தனைக்கும் ஆதாரம். எத்தனை மாணவர், எத்தனை நாள் வருகை, எந்தப் பாடத்தில் தேர்ச்சி என்று யாரும் கேட்கவில்லை. தேசிகருக்குப் பாட்டு ருசித்தால் போதும்.

அதே ஆண்டுகளில் சென்னை அரசாங்கம் நேர்மாறான ஒரு முறையை நடத்திக்கொண்டிருந்தது. 1854ஆம் ஆண்டு வுட் அறிக்கையைத் தொடர்ந்து தனியார் பள்ளிகளுக்கு உதவி மானியம் வழங்கும் விதிகள் வந்தன. 1860களின் நடுவிலிருந்து தொடக்கப் பள்ளிகளில் 'தேர்ச்சிக்கேற்ற மானியம்' புகுந்தது. இங்கிலாந்தில் ராபர்ட் லோ 1862இல் கொண்டுவந்த திருத்த விதிகளின் சாயல் இது. இன்ஸ்பெக்டர் ஒருநாள் வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்லி, எழுதச் சொல்லி, கணக்குப் போடச் சொல்லிப் பார்ப்பார். தேறிய பிள்ளைக்கு இவ்வளவு, இந்தப் பாடத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு மானியம் வரும். அன்று காய்ச்சலில் படுத்த பிள்ளையால் வாத்தியாருக்குக் காலணா பிரயோசனம் கிடையாது. பிசான அறுப்புக்குப் போய்விட்ட பிள்ளையும் அப்படியே.

இதன் விளைவை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். தேறுகிற பிள்ளைகளை மட்டும் சேர்ப்பதே வாத்தியாருக்கு லாபம். வீட்டில் ஏற்கெனவே ஏடும் எழுத்தாணியும் இருந்த குடும்பத்துப் பிள்ளை லாபக் கணக்கில் வரும். தகப்பன் கூலிக்குப் போகிற வீட்டுப் பிள்ளை நஷ்டக் கணக்கில் வரும். விதியில் சாதி என்ற சொல்லே இல்லை. அதற்கு அவசியமும் இல்லை.

அரசாங்கத்துக்கு இது தெரியாமல் இல்லை. அதனால்தான் விதி வந்த கொஞ்ச காலத்திலேயே விதிவிலக்குகளும் வரத் தொடங்கின. 1882ஆம் ஆண்டின் ஹண்டர் கல்விக்குழு, பெண்கள் பள்ளிகளுக்கு ஆண்கள் பள்ளிகளைவிட எளிய நிபந்தனைகளில் மானியம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1893 பிப்ரவரி 1ஆம் தேதியிட்ட 68ஆம் எண் கல்வி ஆணை அடுத்த பெரிய தளர்வு. செங்கற்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கையும் மிஷனரிகளின் இடைவிடாத மனுக்களும் கிளப்பிய விவாதத்தின் நடுவே பிறந்த ஆணை அது. சேரிகளில் தனிப் பள்ளிகள், ஆசிரியர் பயிற்சிக்கு உதவித்தொகை என்று அது வழிவகுத்தது. பிற்காலத்தார் இதைப் பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் என்றார்கள். பெயர் கொஞ்சம் பெரிதுதான். ஆயினும் பொது விதி எல்லாருக்கும் பொதுவாக இல்லை என்று அரசே காகிதத்தில் ஒப்புக்கொண்டதாக அதை நான் வாசிக்கிறேன். தேர்ச்சிக்கேற்ற மானிய முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது.

இதுவரை சொன்னதைக் கொண்டு, விதியைத் தளர்த்துவதெல்லாம் ஏழைக்கு நன்மை என்று முடிவுகட்டிவிடலாம். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1856இல் தார்வாரில் நடந்தது வேறுவிதமானது. மகார் சிறுவன் ஒருவன் அரசுப் பள்ளியில் சேர விண்ணப்பித்தான். அவனைச் சேர்த்தால் மற்றவர்கள் விலகிவிடுவார்கள், பள்ளியே பயனற்றுப் போகும் என்று சொல்லிப் பம்பாய் அரசாங்கம் மறுத்தது. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி எல்லா வகுப்பாருக்கும் உரியது என்று லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் பின்னர் அறிவித்தார்கள். ஹண்டர் குழுவும் அதையே வழிமொழிந்தது, பதமாக நடந்துகொள்ளும்படி எச்சரிக்கையும் சேர்த்து. அந்தப் பதம்தான் நடைமுறையில் விதிவிலக்காயிற்று. அக்கிரகாரத்துக்குள்ளும் கோயிலை ஒட்டியும் பள்ளிக்கூடங்கள் நடந்தன. விதிப்படி திறந்த கதவுதான், தெருவுக்குள்தான் வரமுடியாது. 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில் இதற்கெதிரான ஆணைகள் பிறந்தபோது, ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது விதித் தளர்வு அல்ல, விதியின் இறுக்கம்.

மேலகரத்துத் தேசிகரின் மடத்தையும் இந்த இடத்தில் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நாகூர் குலாம் காதிறு நாவலர் படித்தார், கிறித்தவரான சவராயலு நாயகர் படித்தார். ஆசிரியர் மதத்தைத் தாண்டிப் போனார். ஆனால் சேரியிலிருந்து ஒரு பையன் ஏட்டோடு மடத்து வாசலுக்கு வந்ததாக எங்கும் படித்ததில்லை. எழுதப்பட்ட நிபந்தனை இல்லாத இடத்தில் எழுதப்படாத நிபந்தனை இருந்தது. தேசிகர் மேல் எனக்குள்ள மரியாதை இதனால் குறைந்துவிடவில்லை. அந்தக் கொடையை இலட்சியமாக்கி இன்று சிலர் எழுதுவதை மட்டும் ஏற்க முடியவில்லை.

இந்த இரண்டு வகை நிபந்தனையும் நேருக்கு நேர் மோதிக்கொண்டது, மேலகரம் அப்போது இருந்த அதே திருநெல்வேலி மாவட்டத்தில். வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய தமிழ்க் குருகுலம் தாமிரபரணிக் கரையில் சேரன்மாதேவியில் நடந்தது. ஒத்துழையாமை இயக்கக் காலத்தின் தேசியக் கல்வி நிலையம் அது. அரசு மானியத்தை ஏற்றால் அரசின் பாடத்திட்டத்தையும் இன்ஸ்பெக்டரையும் ஏற்க வேண்டும். எனவே பணம் பொதுமக்களிடமிருந்தும் காங்கிரசிடமிருந்தும் வந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு முதலில் ஐயாயிரம் தந்தது.

பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்ற செய்தி வெளியே வந்ததும் தகராறு தொடங்கியது. பெற்றோர் விருப்பத்துக்கிணங்க இரண்டு பேருக்கு மட்டும்தான் அப்படி என்றது ஐயர் தரப்பு. பாகுபாடு அதோடு நிற்கவில்லை என்றது எதிர்த்தரப்பு. காங்கிரஸ் செயலாளராக இருந்த பெரியார் மீதி ஐயாயிரத்தைத் தர மறுத்தார். தமக்குத் தெரியாமல் இன்னொரு செயலாளரிடம் காசோலை வாங்கிவிட்டார்கள் என்று பின்னாளில் சொன்னார். வரதராஜுலு நாயுடு பத்திரிகையில் எழுதினார். இருக்கிற இருவரை விட்டுவிடலாம், இனிச் சேருகிறவர்களுக்குச் சமபந்தி என்று காந்தி ஒரு சமரசம் சொன்னார். அதாவது ஒரு விதிவிலக்கு. இரண்டு பிள்ளைகள்தானே என்று இன்று வாசிக்கும்போது தோன்றலாம். பொதுப்பணத்தில் நடக்கும் பந்தியில் இருவருக்குக் கொடுக்கும் விலக்கு, மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தினம் இருவேளை ஒரு பாடம் நடத்துகிறது என்பதைப் பெரியாரும் நாயுடுவும் கண்டுகொண்டார்கள். அங்கே அவர்கள் சொன்னதுதான் சரி என்பது என் எண்ணம்.

1925 ஏப்ரலில் திருச்சியில் கூடிய காங்கிரஸ் கமிட்டி, தேசிய இயக்கத்தைச் சேர்ந்த நிறுவனங்களில் பிறப்பால் வேற்றுமை பாராட்டக்கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றியது. ராஜாஜியும் டி.எஸ்.எஸ். ராஜனும் வேறு சிலரும் பொறுப்பிலிருந்து விலகினார்கள். ஐயர் குருகுலத் தலைமையை விட்டார். அந்த ஜூனில் பாபநாசத்து அருவியில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றக் குதித்து அவரும் மாண்டார். கம்பனை அப்படி ரசித்தவர், தமிழில் சிறுகதைக்கு வழிகாட்டியவர் என்று நாம் கொண்டாடும் மனிதரின் வாழ்க்கை இந்தச் சச்சரவின் கசப்போடு முடிந்தது. இதை எத்தனைமுறை படித்தாலும் மனம் கனத்துப்போகிறது. குருகுலம் அதன்பின் நிமிரவில்லை.

முப்பத்தொரு ஆண்டு கழித்து, 1956இல், அதே பழைய மாவட்டத்தின் எட்டயபுரத்தில் காமராஜர் பகல் உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அதற்காக எடுத்துக்கொண்ட பாடுகளைத் தம் நூல்களில் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் சோறு போடுவது கல்விச் செலவாகுமா என்பது அன்றைக்குச் சாதாரணக் கேள்வி அல்ல. மானிய விதிகளில் ஆசிரியர் சம்பளத்துக்கும் கட்டடத்துக்கும் இடமுண்டு, உலைக்கு இடமில்லை. எனவே ஊராரின் நன்கொடையில் அடுப்பு மூட்டினார்கள். அரசின் பங்கு பிறகு வந்து சேர்ந்தது. தேர்ச்சிக்கேற்ற மானியத்தில் நஷ்டக் கணக்கில் எழுதப்பட்ட அதே பிள்ளைக்காக இம்முறை விதி வளைந்தது. கூடவே, சேரன்மாதேவியில் தளர்த்தக் கேட்ட நிபந்தனையைத் தளர்த்தாமலும் வைத்துக்கொண்டது. பந்தி ஒன்றுதான்.

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில் தலித் பள்ளிப் பிள்ளைகள் தின்பண்டம் வாங்க வந்தபோது, ஊர்க் கட்டுப்பாடு இருக்கிறது, இனித் தரமுடியாது என்று பெட்டிக்கடைக்காரர் ஒருவர் திருப்பி அனுப்பினார். அதை அவரே படம்பிடித்துப் பரப்பியதால் நாடு பார்த்தது. கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு எட்டயபுரத்துக்குப் பக்கத்து உசிலம்பட்டி தொடக்கப் பள்ளியில், தலித் பெண் சமைத்தார் என்பதால் பிள்ளைகள் காலை உணவைத் தொடவில்லை, பெற்றோர் தடுத்திருந்தார்கள். பிறகு அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் போய், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.