மச்சான் பிடிக்கிற கயிறு: ஹிப்ஹாப் தமிழா கதை

இன்னைக்கு எபிசோட் ஹிப்ஹாப் தமிழா பத்தி. "ஓ, ஆதி எபிசோடா?"ன்னு கேட்டீங்கன்னா, அங்கிருந்துதான் ஆரம்பிக்கப் போறேன். அது ஒருத்தர் பேரு இல்லை. ஆதி, ஜீவான்னு ரெண்டு பேரு.

அதுக்கு முன்னாடி எங்க ஊர்க் கதை ஒண்ணு. நான் தூத்துக்குடி. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிக்கிறவர் கல்லோட பாரத்துல கடலுக்குள்ள இறங்குவார். மேலே தோணியில ஒருத்தர் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். கயிறு அசைஞ்சதும் இழுக்கணும். அசந்தா ஆள் போயிடும். அதனால கயித்தை மச்சான் கையிலதான் கொடுப்பாங்கன்னு சொல்லுவாங்க. கூடப்பிறந்தவ தாலிக்காகவாவது விடமாட்டான்ல! 1961-ஓட இங்க முத்துக்குளிப்பு நின்னுபோச்சு. இந்தக் கதை மட்டும் நிக்கலை.

சரி, ராப்புக்கு வருவோம். 1973-ல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் பாட்டுப் போட்ட ஒரு பார்ட்டியைத்தான் ஹிப்ஹாப்போட பிறந்தநாளா கொண்டாடுறாங்க. நமக்கு அது 1994-ல் 'காதலன்' படத்து 'பேட்டை ராப்' வழியா வந்துச்சு. 2006-ல் மலேசியாவிலிருந்து யோகி பி & நட்சத்ராவின் 'வல்லவன்' ஆல்பம். முழு ஆல்பமே தமிழ்ல ராப் பண்ணலாம்னு இங்க இருந்த பசங்களுக்குக் காட்டினது அதுதான்.

ஆதியும் ஜீவாவும் 'ஹிப்ஹாப் தமிழா'ங்கிற பேர்ல சேர்ந்தாங்க. 2011-ல் யூடியூப்ல 'கிளப்புல மப்புல' தீயாப் பரவுச்சு. பொண்ணுங்க குடிக்கிறதைத் திட்டுற பாட்டு. ஸ்கூல் பஸ்ல நானும் கத்திப் பாடியிருக்கேன். "நீங்க குடிச்சா குத்துப்பாட்டு, நாங்க குடிச்சா அட்வைஸா?"ன்னு அக்கா கேட்டா. இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட பதில் இல்லை.

2012-ல் 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம். அதுக்கப்புறம் சினிமா கூப்பிட்டுச்சு. 2013-ல் அனிருத் இசையில் 'எதிர்நீச்சல்', 'வணக்கம் சென்னை', அடுத்த வருஷம் 'கத்தி'ன்னு ஆதி பாடினார். 2015-ல் 'ஆம்பள' படத்துக்கு ரெண்டு பேரும் இசையமைப்பாளர்கள். அதே வருஷம் 'தனி ஒருவன்'.

2017-தான் திருப்பம். ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துல 'டக்கரு டக்கரு' பாட்டு ஒலிக்காத இடம் இல்லை. ஆனா போராட்டத்தின் கடைசிக் கட்டத்துல ஆதி 'நான் விலகிக்கிறேன்'னு வீடியோ போட்டார். தூக்கி வெச்சுக் கொண்டாடினவங்களே திட்டினாங்க. திட்டு முழுக்க விழுந்தது ஒரு முகத்து மேலதான். கடலுக்குள்ள இறங்குறவருக்குத்தானே சுறா பயம்! ஜூலையில் 'மீசைய முறுக்கு' வந்துச்சு. கதை, இயக்கம், ஹீரோ எல்லாம் ஆதி. இன்ஜினியரிங் படிச்சுக்கிட்டே பாட்டுக் கனவு காணுற பையன் கதை. அதுக்கப்புறம் நிறைய பேருக்கு 'ஹிப்ஹாப் தமிழா'ன்னாலே ஆதிதான்.

2019-ல் தமிழ் எழுத்தின் வரலாறு பத்தி 'தமிழி' ஆவணத் தொடர், 2023-ல் பிஎச்.டி., 2024-ல் 'கடைசி உலகப் போர்' படம்னு ஆதி போய்க்கிட்டே இருக்கார். ஆனா டைட்டில் கார்டுல இசைன்னு வர்ற இடத்துல 'ஹிப்ஹாப் தமிழா'ன்னுதான் இருக்கும். பார்க்கிறவங்க ஒருத்தரைத்தான் பார்க்கிறாங்க. பேரு ரெண்டு பேரையும் விடாமப் பிடிச்சிருக்கு.

இதை ஏன் இவ்வளவு நேரம் பேசுறேன்?

'மீசைய முறுக்கு' பார்த்துட்டு வெளியே வந்தப்போ என் ரூம்மேட்கிட்ட, "நம்மளும் ஏதாவது பண்ணணும்டா"ன்னு சொன்னேன். சில வருஷம் கழிச்சு இந்த பாட்காஸ்ட் அப்படித்தான் ஆரம்பிச்சது. நான் பேசுவேன், அவன் எடிட் பண்ணுவான். ஒரு தடவை ஒரு லிசனர், "ப்ரோ, தனி ஆளா இவ்வளவு பண்றீங்களே, செம"ன்னு மெசேஜ் பண்ணினார். நான் "நன்றி ப்ரோ"ன்னு ரிப்ளை போட்டேன். ஸ்டோரியிலயும் ஷேர் பண்ணினேன். அவன் பார்த்தான், ஒண்ணும் சொல்லலை. ரெண்டு மாசத்துல, "வேலை ஜாஸ்தியா இருக்குடா"ன்னு ஹார்ட் டிஸ்க்கைக் கையில கொடுத்துட்டுப் போயிட்டான். பழைய எபிசோடை எல்லாம் திரும்பக் கேட்டேன். எல்லாத்துலயும் 'நான்', 'நான்'தான். 'நாங்க' ஒரு இடத்துலகூட இல்லை.

இப்போ நானே எடிட் பண்றேன். இருபது நிமிஷத்துக்கு ஒரு ராத்திரி போகுது. எடிட் பண்ணாத என் குரலை முதல் தடவை கேட்டப்போதான், ஒவ்வொரு வரிக்கும் நான் எவ்வளவு சத்தமா மூச்சு இழுக்கிறேன்னு தெரிஞ்சுது. மூணு வருஷமா அது ஒண்ணுகூட உங்க காதுக்கு வந்ததில்லை.

இந்த எபிசோட் லிங்க்கை அவனுக்கும் அனுப்பியிருக்கேன். நடுவுல மூச்சுச் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.